ஊதுவதா, மறுப்பதா? இரவுச் சோதனையில் நிறுத்தப்பட்டவருக்கு இருக்கும் வழிகள்

"அண்ணாச்சி, ஊதச் சொல்கிறார்கள். ஊதவா, வேண்டாமா?"

கொடைக் காலம், அதாவது எங்கள் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாக் காலம், வந்துவிட்டால் இரவு பதினொரு மணிக்கு மேல் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். பின்னால் லாரி உறுமும் சத்தம் கேட்கும். "வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்" என்று யாரோ அதட்டுவது கேட்கும். பேசுகிறவர் திருநெல்வேலி வண்ணார்பேட்டை ரவுண்டானாவிலோ, கே.டி.சி. நகர் பக்கமோ, அம்பாசமுத்திரம் சாலையிலோ, குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் மூச்சுக் கருவியை நீட்டும் காவலர் முன்னால் நின்றுகொண்டிருப்பார். அந்த அரை நிமிடத்தில் சட்டத்தை எப்படிச் சொல்லி முடிப்பது? பாளையங்கோட்டை நீதிமன்றத்தில் இத்தனை வருடம் கறுப்புக் கோட்டுடன் நின்றவன் என்ற முறையில், அந்த அரை நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் தப்பிக்க வழி தேடி இதைப் படித்தால் ஏமாந்து போவார். நான் விபத்து இழப்பீட்டு வழக்குகளும் நடத்துகிறவன். நான்குவழிச் சாலையில் மகனை இழந்த தாய் ஒருவர், அவன் செருப்பை மட்டும் துணிப்பையில் போட்டுக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால் குடிக்காதவரும், ஒரு பீரோடு நிறுத்தியவரும் தேவையில்லாத சிக்கலில் மாட்டுவதையும் பார்க்கிறேன். "ஊதாவிட்டால் ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லாவிட்டால் கேஸ் நிற்காது" என்ற பேச்சு டீக்கடை தோறும் உலவுகிறது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தையும் மறைக்காமல் சொல்கிறேன், அதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் சேர்த்து.

எதை வைத்து எடைபோடுவது

இந்த முடிவை எடுப்பவர் பெரும்பாலும் ஒன்றை மட்டும் நினைக்கிறார்: அபராதம். பார்க்க வேண்டியவை ஐந்து. அன்றிரவு வீட்டில் தூங்குவோமா, காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்போமா என்பது முதலாவது. நமக்கு எதிராக, அல்லது நமக்கு ஆதரவாக, என்ன சாட்சியம் உருவாகிறது என்பது இரண்டாவது. மூன்றாவது ஓட்டுநர் உரிமம். நான்காவது வாய்தாவுக்கு அலையும் நாட்களும் அதில் போகும் வருமானமும். ஐந்தாவதை எவரும் நினைப்பதில்லை: காப்பீடு, பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை. நம் மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளை இல்லாத தெரு குறைவு என்பதால் ஐந்தாவதை நான் சின்னதாக நினைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 185-ஆம் பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவதையும் ஓட்ட முயல்வதையும் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை சிக்கினால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ரூ.15,000, அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஆனால் சாலையிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியல் 200-ஆம் பிரிவில் இருக்கிறது; அதில் 185 கிடையாது. குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்னால் போயே தீர வேண்டும்.

சீருடையில் இருக்கும் காவலர், நியாயமான சந்தேகம் இருந்தால் ஊதச் சொல்லலாம் என்கிறது 203-ஆம் பிரிவு. வாய் வாடை, குழறும் பேச்சு, வண்டி அலைந்து வந்த விதம் ஆகியவை சந்தேகத்துக்குப் போதும்.

முப்பது மில்லிகிராம் என்றால் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எழுபது கிலோ எடையுள்ள ஆணை வைத்து உத்தேசமாகக் கணக்குப் போடலாம். ஐந்து சதவீத பீர் ஒரு பாட்டில், அதாவது 650 மில்லி, அவர் இரத்தத்தில் ஐம்பதைத் தாண்டவைக்கும். 180 மில்லி பிராந்தி 120-க்கு மேலே கொண்டுபோகும். உடல் அதை மணிக்குச் சுமார் பதினைந்து என்ற வேகத்தில்தான் எரிக்கும். மோர், எலுமிச்சை, குளிர்ந்த தண்ணீர்க் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. 120-இல் இருப்பவர் 30-க்கு இறங்க ஆறு மணி நேரம் வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குக் கல்யாண வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் கிளம்பும் வேன் ஓட்டுநர் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும்.

முதல் வழி: ஊதுவது

குடிக்காதவருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. "நான் குடிக்கவே இல்லை, என்னை ஏன் ஊதச் சொல்கிறீர்கள்?" என்று சட்டம் பேசி, ஒரு நிமிட வேலையை ஒரு மணி நேரமாக்கிக்கொள்பவர்கள் உண்டு. சந்தேகத்துக்குக் காரணம் வேண்டும் என்பது சரிதான். அந்த வாதத்துக்கு இடம் நீதிமன்றம். இரவில் தடுப்புக்கு அருகில் நின்று பேசிப் பயனில்லை.

ஊதும்போது கவனிக்க வேண்டியவை சில. குழலைப் புதிதாக, உறை பிரித்து மாட்டச் சொல்லுங்கள். ஊதும் முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். ஊதிய பின் எண்ணை உங்கள் கண்ணால் படியுங்கள். அச்சுச்சீட்டு வந்தால் தேதி, நேரம், வண்டி எண் மூன்றையும் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பிரதி கேளுங்கள், குரலை உயர்த்தாமல்.

வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹால் கருவியை ஏமாற்றும். சேரன்மகாதேவியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இரவு சாப்பாட்டுக்குப் பின் அரிஷ்டம் குடிக்கும் பழக்கமுள்ளவர். குடித்த கையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பி வழியில் சிக்கினார். திரையில் 41. அவர் பதறாமல், "ஐயா, இப்போதுதான் அரிஷ்டம் குடித்தேன். கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை ஊதுகிறேன்" என்று சொன்னார். நல்ல மனிதர் அந்த உதவி ஆய்வாளர், உட்காரச் சொன்னார். பதினெட்டு நிமிடம் கழித்து ஊதியபோது பூஜ்யம். அரிஷ்டம் புளிப்பில் ஊறித் தானே ஆல்கஹாலை உண்டாக்கிக்கொள்ளும் மருந்து. சில இருமல் மருந்துகளும் வாய் கொப்பளிக்கும் திரவங்களும் இப்படிச் செய்யும். ஒன்றோ அதற்கு மேலோ மாதிரிகள் கேட்கலாம் என்றுதான் 203-ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே இரண்டாம் முறை ஊதுகிறேன் என்று கேட்பது சட்டத்துக்குப் புறம்பான சலுகை அன்று.

குடித்தவருக்கு என்ன ஆகும்? எண் 30-க்கு மேலே போனால் அந்த முடிவு நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படும். பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். உரிமத்தை வாங்கிக்கொண்டு தகுதியிழப்புக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்ப 206-ஆம் பிரிவு இடம் தருகிறது. கையில் கிடைக்கும் ரசீது உரிமத்துக்கு மாற்று ஆகாது. அதை வைத்து வண்டி ஓட்டக்கூடாது.

இந்த வழியின் மறைவான செலவு, "குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்தாயிரத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்ற எண்ணத்தில் இருக்கிறது. ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. 185-இல் தண்டனை பெற்றவருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓட்டும் தகுதியை நீதிமன்றம் நீக்க வேண்டும் என்று 20-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்குப் பத்தாயிரத்தைவிட இந்த ஆறு மாதம் பெரியது. அடுத்த முறை சிக்கினால் அது இரண்டாம் குற்றமாக எண்ணப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி: மறுப்பது

மறுப்பவருக்கு இருக்கும் உண்மையான சாதகத்தை முதலில் சொல்கிறேன். 185-இன் மது பற்றிய பகுதி எண்ணில் நிற்கிறது. எண் இல்லாவிட்டால் அரசுத் தரப்புக்குக் கஷ்டம்தான். பச்சுபாய் ஹசனலி கர்யானி வழக்கில் 1971-இல் உச்ச நீதிமன்றம், வாய் வாடை, தள்ளாடும் நடை, விரிந்த கண்மணி போன்ற அடையாளங்களை மட்டும் வைத்து ஒருவர் குடிபோதையில் வண்டி ஓட்டினார் என்று உறுதியாக முடிவு செய்ய இயலாது என்றது. வக்கீல்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். நானும் காட்டியிருக்கிறேன்.

மறுபக்கம் கனமானது. ஊத மறுத்தால், இரத்தத்தில் மது இருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருக்கும் பட்சத்தில் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம் என்று 203-இன் நான்காம் உட்பிரிவு நேராகவே சொல்கிறது. ஊதியவர் 30-க்குக் கீழே வந்தால் வீட்டுக்குப் போகலாம். மறுத்தவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. நிலையத்தில் மறுபடியும் ஊத ஒரு வாய்ப்புத் தர வேண்டும். அப்போதும் மறுத்தால் 204-இன்படி இரத்தம் கேட்கலாம். ஊதவோ இரத்தம் தரவோ மறுத்தால், அந்த மறுப்பே அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாகக் கருதப்படலாம் என்கிறது 205. நியாயமான காரணம் காட்டினால் மட்டும்தான் அதிலிருந்து விலக்கு. இதற்கு மேல், கைதான ஒருவரைக் காவல்துறையின் கோரிக்கையின் பேரில் மருத்துவர் பரிசோதிக்கவும், அதற்குத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தவும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 51-ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

"எனக்கெதிராக நானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை, அரசியலமைப்பே சொல்கிறது" என்பார்கள். 20(3)-ஆம் உறுப்பைத்தான் குறிப்பிடுகிறார்கள். பம்பாய் மாநிலம் எதிர் காதி காலு ஓகட் வழக்கில் 1961-இல் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து, கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றைத் தருவது தனக்கெதிராகச் சாட்சி சொல்வது ஆகாது என்று தீர்த்துவிட்டார்கள். மூச்சையும் அந்த வரிசையில்தான் வைப்பார்கள்.

இன்னொரு குழப்பம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை சொன்னதாகவும், இணையத்தில் படித்ததாகவும் சொல்லி "மறுக்கும் உரிமை" பேசுகிறார்கள். அங்கேகூட ஊத மறுத்தவரின் உரிமத்தை நிறுத்திவைப்பது மாநிலங்களில் வழக்கமான நடைமுறை. கைதானவரை ஊதவைக்க நீதிமன்ற ஆணை தேவையில்லை, இரத்தம் எடுக்கத்தான் தேவை என்று 2016-இல் பிர்ச்ஃபீல்டு வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டம் அங்கே. நமக்கு 203-உம் 205-உம்தான்.

இனி நான் நடத்திய ஒரு வழக்கு. முக்கூடல் பக்கத்து இளைஞர். சுமை ஆட்டோ வைத்து வாழைத்தார் ஏற்றுகிறவர். அம்மன் கொடைக்குப் போனவர், மாலையில் ஒரு பீர் குடித்துவிட்டு வில்லுப்பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வண்டியை எடுத்தார். தடுப்பில் கருவியை நீட்டியதும் நண்பர் சொன்னது ஞாபகம் வந்தது: "ஊதாதே, ஊதினால்தான் கேஸ்." மறுத்தார். நிலையத்தில் மறுபடி கேட்டார்கள். ஒருமுறை மறுத்தவர் பின்வாங்கினால் சந்தேகம் வருமே என்று நினைத்து அங்கும் மறுத்தார். மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். இரத்தமும் தரமாட்டேன் என்றார். பணியில் இருந்த மருத்துவர் சீட்டில் எழுதியவை மூன்று வரி: மது வாடை இருக்கிறது, கண்கள் சிவந்துள்ளன, நடை சீராக உள்ளது. கடைசியில், "பரிசோதனைக்கு உடன்பட மறுத்தார்." அந்தக் கடைசி வரியின் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

விடிவதற்கு முன் ஜாமீனில் வந்தார். மறுநாள் ஏற்ற வேண்டிய தார் வேறொருவர் வண்டியில் போனது. அந்த வியாபாரி திரும்ப இவரைக் கூப்பிடவில்லை. வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. பதினான்கு வாய்தா. முடிவில் சந்தேகத்தின் பலன் அளித்து விடுதலை. ஆம், மறுத்ததால்தான் ஜெயித்தார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றரை வருடத்தின் நடுவில்தான் அவருடைய பாஸ்போர்ட் காலாவதியானது. குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் தர மறுக்கலாம் என்று பாஸ்போர்ட் சட்டம் சொல்கிறது. நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் புதுப்பிக்க வேண்டும். நாங்கள் மனுப்போட்டு அனுமதி வாங்குவதற்குள் துபாயில் பேசிவைத்திருந்த ஓட்டுநர் வேலைக்கு வேறு ஆள் போய்விட்டார். மேலே போட்ட கணக்கை இவருக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பீர், இரண்டு மணி நேரம். அன்று ஊதியிருந்தால் எண் 30-க்குக் கீழே வந்திருக்கக்கூடும். இப்போது அது யாருக்கும் தெரியாது, அவருக்கும்கூட.

மறுப்பு எப்போது பொருத்தம்? உடம்பால் ஊத முடியாதவருக்கு மட்டும். அவர்கூட வெறுமனே மறுக்கக்கூடாது. மூன்றாவது வழிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது வழி: "ஊத இயலாது, இரத்தம் எடுத்துக்கொள்ளுங்கள்"

ஆஸ்துமா உள்ளவர், நெஞ்சு அறுவைச் சிகிச்சை முடிந்தவர், கருவி கேட்கும் அளவுக்கு விடாமல் ஊத முடியாத முதியவர் ஆகியோருக்கானது இது. 205 கேட்கும் "நியாயமான காரணம்" இங்கேதான் வேலை செய்கிறது. காரணத்தை அப்போதே, அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சாட்சிக் கூண்டில் சொன்னால் நடுவர் நம்புவது கடினம். மேலப்பாளையத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று முறை ஊதியும் கருவி ஏற்காமல் இருமலில் துவண்டுபோனார். சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் காட்டி, "இரத்தம் தருகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்றார். நான் சொல்லிக்கொடுத்து அல்ல, அவராகவே. இரத்த முடிவில் ஆல்கஹால் இல்லை. வழக்கு எழவே இல்லை.

குடித்தவர் இந்த வழியைத் தந்திரமாகப் பயன்படுத்த நினைத்தால் கணக்குத் தப்பும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் அளவு குறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கடைசி மிடறு குடித்து அதிக நேரம் ஆகியிருக்காவிட்டால் அளவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்; சாலையில் 28 காட்டியிருக்கக்கூடியவர் ஆஸ்பத்திரியில் 45 காட்டலாம். இரத்த முடிவு கருவியின் எண்ணைவிட அசைக்கக் கடினமானது. ஆய்வக அறிக்கை வரத் தாமதமாகும். அதுவரை வழக்கு தலைக்கு மேல் தொங்கும்.

ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் ஆல்கஹால் இல்லாத திரவத்தால் துடைக்கச் சொல்லுங்கள். குப்பியில் உங்கள் பெயரும் நேரமும் எழுதி முத்திரையிடுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெண்ணின் இரத்தத்தை ஆண் மருத்துவர் எடுப்பதானால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். இது 204-இல் எழுதப்பட்ட பாதுகாப்பு.

இரண்டு மணி நேர விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 185-க்காகக் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும், தவறினால் காவலிலிருந்து விட வேண்டும் என்று 202 சொல்கிறது. காவலிலிருந்துதான் விடுதலை, வழக்கிலிருந்து அல்ல. "இரண்டு மணி நேரம் இழுத்தடித்தால் போதும்" என்று சொல்லிக்கொடுப்பவர் அந்தப் பிரிவைப் பாதிதான் படித்திருக்கிறார்.

நான்காவது: ஊதுவதுபோல் பாவனை, நழுவல், ஓட்டம்

குழலை வாயில் வைத்து மூக்கால் மூச்சு விடுவது, உதட்டோரம் காற்றைக் கசியவிடுவது எல்லாம் தினமும் நூறு பேரைப் பார்க்கும் காவலருக்குத் தெரியும். சட்டத்தில் "மறுத்தார்" என்பதோடு "தவறினார்" என்ற சொல்லும் இருக்கிறது. பாவனையும் மறுப்புக் கணக்கில்தான் சேரும். சட்டப்படி இட்ட கட்டளையை மீறியதற்கு 179-இன் கீழ் ரூ.2,000 அபராதம் தனியாக வரலாம். காவலரைத் தள்ளிவிட்டால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-ஆம் பிரிவு வந்துவிடும்: இரண்டு வருடம் வரை சிறை, ஜாமீனில் விட முடியாத குற்றம். ஒரு நொடிக் கோபத்தில் ஜாமீன் கிடைக்கும் வழக்கை ஜாமீன் கிடைக்காத வழக்காக மாற்றிக்கொண்ட பையன்களுக்காகப் பெற்றோர் என் வாசலில் அழுதிருக்கிறார்கள். தடுப்பைக் கண்டு வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் ஓட்டுபவர் தன் உயிரோடு, எதிரே வருகிறவரின் உயிரையும் பணயம் வைக்கிறார். இந்த வழி பொருத்தமான சூழ்நிலை என்று ஒன்று கிடையாது.

ஒரே பார்வையில்

| எதைப் பார்க்கிறோம் | ஊதுவது | மறுப்பது | காரணம் சொல்லி இரத்தம் தருவது | பாவனை, ஓட்டம் |
|---|---|---|---|---|
| அன்றிரவு | 30-க்குக் கீழே என்றால் வீடு | கைதுக்கு நேரடி இடம் | ஆஸ்பத்திரி. சில மணி நேரம் | கைது, கூடுதல் வழக்கு |
| சாட்சியம் | எண். இரு பக்கமும் வெட்டும் | எண் இல்லை. மறுப்பே எதிராகத் திரும்பும் | மிக உறுதியான எண் | மறுப்பும் நடத்தையும் எதிராக |
| உரிமம் | தண்டனையானால் குறைந்தது 6 மாதம் | முதலிலேயே பறிக்கப்படலாம். தண்டனையானால் அதே 6 மாதம் | முடிவைப் பொறுத்து | மறுப்பைப் போலவே |
| நாட்கள் | குறைவு | மிக அதிகம் | அறிக்கை வரும்வரை | மிக அதிகம் |
| யாருக்குப் பொருத்தம் | குடிக்காதவர், குறைவாகக் குடித்தவர், பெரும்பாலோர் | ஏறக்குறைய எவருக்கும் இல்லை | ஊத இயலாத நோயாளிகள் | எவருக்கும் இல்லை |

விபத்து நடந்திருந்தால் கணக்கே வேறு

விபத்துக்குப் பிறகு மறுப்பது எல்லாவற்றிலும் மோசமான முடிவு. மருத்துவமனையில் உள்நோயாளியாக இருப்பவரிடமும் மாதிரி கேட்கலாம். சிகிச்சை தரும் மருத்துவருக்கு முதலில் சொல்ல வேண்டும், அவர் ஆட்சேபித்தால் எடுக்கக்கூடாது. அதைத் தவிர வேறு தடை இல்லை.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எண் தேவையே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 2007-இல் டெல்லியில் இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் கவிழ்ந்து எரிந்தது. ஓட்டியவருக்கு மூச்சுப் பரிசோதனையும் நடக்கவில்லை, இரத்தப் பரிசோதனையும் நடக்கவில்லை. இஃப்கோ டோக்கியோ எதிர் பேர்ல் பெவரேஜஸ் என்ற அந்த வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், பரிசோதனை இல்லாவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளை வைத்து ஓட்டியவர் மதுவின் தாக்கத்தில் இருந்தார் என்று நிறுவனம் நிரூபிக்கலாம் என்று சொல்லி, இழப்பீடு மறுக்கப்பட்டதை உறுதி செய்தது. ஆகவே குற்ற வழக்கில் "எண் இல்லை" என்று தப்பியவர், காரைப் பழுதுபார்க்கும் செலவைத் தன் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுத்தாலும், அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கும்படி உத்தரவாகும் வழக்குகள் உண்டு. அந்த நிலையில் நிலத்தை விற்ற குடும்பத்தை நான் அறிவேன். நாங்குநேரிப் பக்கம், பரம்பரை வயல்.

உயிர் போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-இன் கீழ் ஐந்து வருடம் வரை போகலாம். குடித்திருந்தது தெரிந்தால் அதைவிடக் கடுமையான, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவும் பாயலாம். மும்பையில் நடைபாதையில் தூங்கிய ஏழு தொழிலாளர்கள் 2006-இல் கார் ஏறி இறந்த அலிஸ்டர் அந்தோணி பரேரா வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதிசெய்தது அந்தக் கடுமையான பிரிவில் விதித்த தண்டனையைத்தான்.

வண்டி கொடுத்தவரும் பின்னால் அமர்ந்தவரும்

185-ஆம் பிரிவுக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188. மச்சான் குடித்திருப்பது தெரிந்தே சாவியைக் கொடுத்த அத்தான், "நீதான் ஓட்ட வேண்டும்" என்று ஏறி உட்கார்ந்த நண்பன், இருவருக்கும் இது பொருந்தலாம். சாவி கொடுக்கும் கைக்கும் பொறுப்பு உண்டு.

சீவலப்பேரிப் பக்கம் ஒரு கொடை வீட்டில் ஓர் அத்தை இருக்கிறார். அம்மனுக்குச் சாமக்கொடை என்னும் நள்ளிரவுப் பூசை நடக்கும் அன்று வெளியூரிலிருந்து வரும் ஆண்கள் வாசல்படி ஏறும்போதே கையை நீட்டி வண்டிச் சாவியை வாங்கிவிடுவார். குடித்திருக்கிறாயா, குடிப்பாயா என்று எதுவும் கேட்க மாட்டார். மருமகன் என்றும் பார்க்க மாட்டார், மூத்த சம்பந்தி என்றும் பார்க்க மாட்டார். சாவிகள் எல்லாம் அடுக்களையில் அரிசிப் பானைக்குள் போகும். போன வருடம் என் சாவியும் அதற்குள்தான் கிடந்தது. காலையில் எட்டு மணிக்கு இட்லியைத் தட்டில் வைத்த பிறகுதான் பானைக்குள் கைவிட்டு, அரிசியை உதறி, ஒவ்வொரு சாவியாக எடுத்துக் கொடுத்தார்.